மாகாளிக்கிழங்கு வயலுக்கு வர வேண்டுமானால்

ஊறுகாய்ச் சரக்கு விற்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் நாட்டு மருந்துச் சரக்கு பிடிக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் மாகாளிக்கிழங்கை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சி வாடை என்று மூக்கைப் பிடித்துக்கொள்பவரும் உண்டு. அந்த வாடைக்காகவே தேடி வந்து, மோரில் ஊறப்போட்டு ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்பவரும் உண்டு. வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள்தான் இந்த வாடைக்குக் காரணம் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

ஆனால் மிளகாய், மல்லி போல இது வயலில் விளைந்து மண்டிக்கு வரும் சரக்கு அல்ல. சேஷாசலம் முதலான கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் பாறைச் சரிவுகளில் தானாகப் படரும் கொடி இது. மலைவாழ் மக்கள் தோண்டிக் கொண்டுவருவதைத்தான் பெரும்பாலும் நாம் விற்கிறோம். நெல்லிக்காயும் கடுக்காயும் பறித்தால் மரம் நிற்கும். இங்கே நாம் வாங்குவது வேரையே. காய்த்து விதை சிந்துவதற்குள் கொடியைத் தோண்டிவிட்டால் அந்த இடத்தில் அடுத்த கொடி எப்படி வரும்?

தோண்டுகிறவரைக் குறை கூறுவது எளிது. ஒன்றிரண்டு கிழங்கை மண்ணிலேயே விட்டால் கொடி மீண்டும் தழைக்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எடைக்கு நாம் கொடுக்கும் விலை குறையும்போது, அதே வருமானத்துக்கு அவர் கூடுதலாகத் தோண்ட வேண்டியிருக்கிறது. அந்த விலையை வைப்பது நம் தராசுதான்.

இத்துடன் நன்னாரிக் கணக்கும் சேர்கிறது. நன்னாரி கம்பி போல மெல்லிய வேர். தோண்டி எடுக்கக் கூலி அதிகம். மாகாளி பருத்தது, மணமும் ஏறக்குறைய அதே. ஆகவே சர்பத்துக்கும் மருந்துக்கும் நன்னாரி என்ற பெயரில் மாகாளி வேர் போகிறது. இரண்டும் வேறு வேறு செடிகள். பெயரை மாற்றி விற்பது நாணயமான வியாபாரம் ஆகாது என்பது ஒருபுறம் இருக்க, ஊறுகாய்க்கு மட்டும் தோண்டப்பட வேண்டியது இதற்கும் சேர்த்துத் தோண்டப்படுகிறது.

பயிரிட முடியுமா என்றால், முடியும், ஆனால் சுலபமல்ல. விதை பஞ்சுக் குஞ்சத்தோடு காற்றில் பறந்துவிடும். நெற்று வெடிப்பதற்கு முன்பே எடுத்து, பழசாக விடாமல் விதைக்க வேண்டும். அப்படியும் முளைப்பு குறைவுதான். தண்டை வெட்டி நட்டால் வேரூக்கி மருந்து வைக்காமல் பெரும்பாலும் வேர் பிடிப்பதில்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். தானியப் பூச்சிகளை இந்த வேர் கொல்லும் என்றும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். கிடங்கு வைத்திருக்கும் நமக்கு அது சுவையான செய்தி. நாற்று கிடைத்தாலும் கொடி ஏறுவதற்குப் பந்தலோ வேலியோ வேண்டும். கிழங்கு பருக்க ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானம் இல்லை.

அப்படிக் காத்திருக்கும் விவசாயி கேட்பது ஒரே கேள்வி: வாங்குவது யார்? கண்வலிக்கிழங்கின் கதை நம் கண்முன் இருக்கிறது. வேலியிலும் காட்டோரத்திலும் படர்ந்த செங்காந்தள் கொடியைத் தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் பந்தலில் ஏற்றி விதைக்காகப் பயிராக்கிவிட்டார்கள். பயிர் வெற்றிதான். ஆனால் வாங்குவோர் சிலரே என்பதால் விலை ஓராண்டு ஏறும், மறு ஆண்டு விழும். கொள்முதல் விலையை அரசே நிர்ணயிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். மாகாளியையும் அந்த நிலையில் தள்ளக் கூடாது.

எனவே நாற்று நடும்போதே நாம் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. சில ஆண்டுகளுக்குப் பின் விற்கும் விலையை இன்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் அடிவிலையைச் சொல்லலாம். சந்தை கூடினால் அதுவும் கூடட்டும். தனி ஒரு கடைக்காரரால் இது ஆகாது. பத்து மொத்த வியாபாரிகள் சேர்ந்தால் ஆகும். நாற்றங்கால் வைக்க முதலில் அழைக்க வேண்டியவர்கள், கொடியை அறிந்த அந்த மலைக் கிராமத்தாரே. பயிர் வந்துவிட்டது என்று அவர்களின் பிழைப்பைப் பறித்தால் அது வேறொரு பாவம்.

சட்டமும் இப்போது நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டபோது, பயிரிடப்பட்ட மூலிகைகளுக்குச் சலுகை தரப்பட்டது. ஆனால் சரக்கு வயலில் விளைந்ததுதான் என்பதற்கு உள்ளூர் பல்வகைமை மேலாண்மைக் குழுவின் சான்று வேண்டும். பில்லோடு அந்தச் சான்றையும் வாங்கிக் கோப்பில் வைக்கும் பழக்கத்தை நம் உறுப்பினர்கள் இப்போதே தொடங்கலாம். அடிவிலை ஒப்பந்தத்தின் நகலை அடுத்த பொதுக்குழுவில் வைக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.