கல்லூரி மாறும் மாணவர் ஓராண்டை இழக்காதிருக்க: உயர்கல்வித் துறைக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
நிர்வாகிகள்,
கல்லூரி மாணவர் பெற்றோர் சங்கம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்கள், சென்னை.
பதிவாளர் அவர்கள், மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும்.

பொருள்: கலை, அறிவியல் இளநிலைப் படிப்பில் இடையில் வேறு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத் துறைக்கோ மாறும் மாணவர்களுக்கான நடைமுறையைத் திருத்தி, மாநிலம் முழுமைக்கும் ஒரே அரசாணை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



படித்துக்கொண்டிருக்கும் கல்லூரியை விட்டு நடுவில் இன்னொரு கல்லூரிக்குப் போக யாரும் ஆசைப்படுவதில்லை. தந்தை இறந்து, தாய் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குத் திரும்புகிறார். காவல் துறையிலோ மின்வாரியத்திலோ வேலை பார்ப்பவருக்கு இடமாறுதல் வருகிறது. முதலாண்டு முடிந்த கையோடு பெண்ணுக்குத் திருமணம் செய்துவைத்துவிடுகிறார்கள்; புகுந்த ஊரில் படிப்பைத் தொடர அவள் விரும்புகிறாள். வாரம் இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் மாணவர், மருத்துவமனை உள்ள ஊரில்தான் இருந்தாக வேண்டும். விடுதியில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர் அந்த வளாகத்தில் மறுபடி கால் வைக்கவே அஞ்சுகிறார். எங்கள் சங்கத்துக்கு வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் இத்தகைய நிலையில் இருப்பவர்களே.

இவர்களுக்கு விதிகள் கதவை மூடவில்லை. இரு கல்லூரி முதல்வர்களின் இசைவும் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் இருந்தால் மாறலாம். ஆனால் அந்த அனுமதி கைக்கு வருவதற்குள் மாணவர் ஒரு செமஸ்டரை, பல நேரங்களில் ஓர் ஆண்டையே இழந்துவிடுகிறார். சலித்துப்போய்ப் படிப்பையே விடுகிறவர்களும் உண்டு. வேறு கல்லூரியில் மீண்டும் முதலாண்டில் சேருகிறவர்களும் உண்டு. திருமணமான பெண்கள் பெரும்பாலும் தொலைநிலைக் கல்விக்குப் போய்விடுகிறார்கள். தமிழோ வரலாறோ படித்தவர் அப்படித் தொடரலாம். வேதியியல் படித்த பெண் ஆய்வகம் இல்லாமல் எப்படித் தொடர்வார்? அவர் பாடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சிக்கலின் முடிச்சு மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) இருக்கிறது. சேர விரும்பும் கல்லூரி முதலில் டி.சி.யைக் கொண்டுவரச் சொல்கிறது. இப்போதுள்ள கல்லூரியோ, அங்கே இடம் தருகிறார்கள் என்று கடிதம் வாங்கி வந்தால்தான் டி.சி. தருவோம் என்கிறது. எப்படியோ இரண்டையும் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் வருகைப்பதிவு இணைப்பு, பாட இணைத்தன்மை, இணைப்புப் பிரிவு, தேர்வுப் பிரிவு என்று கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. டி.சி. வாங்கிய நாளிலேயே பழைய கல்லூரியின் பெயர்ப்பட்டியலிலிருந்து மாணவரின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. புதிய கல்லூரியில் இன்னும் ஏறவில்லை. அந்த வாரங்களில் அவர் எந்தக் கல்லூரியின் மாணவரும் அல்லர். அனுமதி மறுக்கப்பட்டால் திரும்பிப் போகவும் இடமில்லை.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை இதுதான்: டி.சி. கடைசியில் தரப்பட வேண்டும். மாணவர் தம் பழைய கல்லூரியில் மாணவராக இருந்துகொண்டே மாறுதலுக்கு விண்ணப்பிக்கவும், பல்கலைக்கழகத்தின் இறுதி ஆணை வந்த பிறகே டி.சி. பெறவும் வழிசெய்ய வேண்டும். அதுவரை பழைய கல்லூரி அவர் பெயரை நீக்கக் கூடாது. புதிய கல்லூரியும் டி.சி.யைக் கேட்கக் கூடாது, படிப்புச் சான்றும் மதிப்பெண் பட்டியல்களின் நகலும் போதும் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவும் இல்லை, புதுப் பணியிடமும் வேண்டாம். வரிசையை மாற்றினாலே போதும். மற்ற கோரிக்கைகள் நிறைவேறக் காலம் பிடித்தாலும், இந்த ஒன்றை இக்கல்வியாண்டிலேயே செய்துதர வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது காலம். கல்லூரிகள் ஜூன் மாதத்தில் திறக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் எழுதிய தேர்வின் முடிவு பல சமயம் அதற்குப் பிறகே வருகிறது. முடிவு வந்தால்தான் விண்ணப்பத்தை ஏற்போம் என்பதால், புதிய கல்லூரியில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போது மாணவர் வீட்டில் காத்திருக்கிறார். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும். ஆகஸ்டு மாதக் கடைசியில் அனுமதி பெற்றவர் அதன்பின் ஒரு நாளும் விடாமல் வந்தாலும் அந்த விழுக்காட்டை எட்டுவது கடினம். செமஸ்டர் முடிவில் ஹால் டிக்கெட் மறுக்கப்படும்போது, தாமதம் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. இரு முதல்வர்களும் இசைந்த நாள் முதலே தற்காலிக அனுமதியின் பேரில் மாணவரை வகுப்பில் அமரவிட வேண்டும். அந்நாள் முதல் வருகையைக் கணக்கிட வேண்டும். பல்கலைக்கழகம் 30 நாட்களுக்குள் ஆணை வழங்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும். இணையவழியில் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம் என்று இருந்தால் 30 நாள் தாராளமான காலமே.

பல்கலைக்கழக எல்லைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. கரூர் மாவட்டக் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். வாங்கலிலிருந்து பாலத்தைக் கடந்தால் மோகனூர். காவிரியின் இக்கரையும் அக்கரையும்தான்; ஆனால் மாணவருக்கு அது பல்கலைக்கழகமே மாறும் தொலைவு. திருப்புவனம் மதுரையை ஒட்டிய ஊர். சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. மதுரைக் கல்லூரிகளோ காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளவை. நிர்வாக வசதிக்காக வகுத்த இந்த எல்லைகளில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதே மாநிலத்தின் சட்டங்களின்படி இயங்குபவை. ஒன்றில் தேர்ச்சி பெற்ற தாளை இன்னொன்று ஏற்க ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக இணைத்தன்மைச் சான்று கேட்பது முறையாகாது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டை ஒட்டி மாதிரிப் பாடத்திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. அதைப் பின்பற்றும் பாடங்களுக்கு ஒரே ஒரு முறை இணைத்தன்மைப் பட்டியல் தயாரித்து வெளியிட்டுவிட்டால், பின்னர் வரும் விண்ணப்பங்களை அலுவலகத்திலேயே ஒப்பிட்டு முடித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டக் குழு கூட வேண்டியதில்லை.

தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலை வேறு. 1978-இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்ட கல்லூரிகள் தன்னாட்சி பெற்றது முதல், தம் பாடங்களைத் தாமே வகுக்கும் உரிமையால் தமிழ்நாட்டில் நல்ல பாடத்திட்டங்கள் உருவாகியிருக்கின்றன. மேலே சொன்ன மாதிரிப் பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக வந்தபோது அக்கல்லூரிகளின் ஆசிரியர்கள் எழுப்பிய எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். அந்த உரிமையைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஒரு தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணவருக்கு, அவர் படித்த ஒவ்வொரு தாளின் பாடத்திட்டமும் கிரெடிட்டும் அகமதிப்பீட்டு விகிதமும் அடங்கிய ஒரு தொகுப்பைக் கல்லூரியே சான்றளித்துத் தர வேண்டும் என்கிறோம். ஓரிடத்தில் அகமதிப்பீடு 25, தேர்வு 75. மற்றோரிடத்தில் 40-60 அல்லது 50-50. இதைக் காரணம் காட்டி மதிப்பெண்களை ஏற்க மறுப்பது கூடாது. நூற்றுக்கு எத்தனை என்பதைக் கொண்டு மாற்றியெழுதினால் போதுமானது.

இனி விடுபட்ட தாள்கள். பி.எஸ்சி. கணிதத்தில் ஒரு கல்லூரி முதலாண்டில் இயற்பியலைத் துணைப்பாடமாக வைக்கிறது. இன்னொரு கல்லூரி புள்ளியியலை வைக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் தரப்படும் திறன் பாடங்களும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகின்றன. மாறி வந்தவர் தாம் படிக்காத தாள்களைக் கூடுதலாக எழுதத்தான் வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவை அரியர் தாள்களோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் அரியரே இருந்திருக்கக் கூடாது என்று நிபந்தனை வைப்பதும், சிறப்புத் தகுதி பெற முதல் முயற்சியிலேயே தேர்ச்சி வேண்டும் என்று கேட்கப்படுவதும் அதிகாரிகள் அறிந்ததே. எழுதாத தாளில் ஒருவர் தோற்றதாகப் பதிவு இருப்பது அநீதி. மதிப்பெண் பட்டியலில் இவற்றை ‘மாறுதலால் சேர்ந்த தாள்’ என்று குறித்து, முதல் முறை எழுதுவதை முதல் முயற்சியாகவே கொள்ள வேண்டும். கூடவே, ஒரே செமஸ்டரில் எல்லாவற்றையும் எழுதி முடிக்கும்படி வற்புறுத்தாமல் இறுதி செமஸ்டர் வரை அவகாசம் தர வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை நாங்கள் புதுச் சலுகை எதையும் கேட்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரிகள் மாணவரின் மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும். ஒரு செமஸ்டர் அல்லது ஓர் ஆண்டுக்கு மேல் கட்டணத்தை முன்கூட்டி வசூலிப்பதும் அதில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, இரண்டாம் ஆண்டில் விலகுபவரிடம் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் கிடைக்கும் என்று சொல்லும் சுயநிதிக் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டிய தாய்மார்கள் எங்கள் சங்கத்தில் உண்டு. கட்டணம் வாங்குவதற்காகச் சான்றிதழ்களை நிறுத்தி வைப்பது, மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி முறையீட்டுக்குரிய குறையே. மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்தக் குழுவே அதே கல்லூரிக்குள் இருக்கிறது. சான்றிதழைப் பறிகொடுத்து நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை அங்கே போய் என்ன பேச முடியும்? மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளித்தால் ஏழு நாட்களுக்குள் சான்றிதழ்களைப் பெற்றுத்தரும் அதிகாரத்தை அவ்வலுவலகத்துக்கு வழங்க வேண்டுகிறோம்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நிலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2021ஆம் ஆண்டின் கல்விக் கிரெடிட் வங்கி விதிமுறைகளின்படி ஈட்டிய கிரெடிட்டுகளை ஏழு ஆண்டுகள் வரை சேமித்து வைத்து மற்றொரு நிறுவனத்தில் பயன்படுத்தலாம். ஆனால் பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு 140 கிரெடிட் என்றால், இரண்டாம் ஆண்டில் மாறுகிறவருக்கு இது தடையாகாது. கடைசி ஆண்டில் மாறுகிறவரால் மீதமுள்ள ஓர் ஆண்டில் 70 கிரெடிட் எடுக்க இயலாது. அத்தகையவருக்கு நாங்கள் முன்வைக்கும் வழி இது: அவர் அருகிலுள்ள கல்லூரியில் வருகை மாணவராக அமர்ந்து படிக்கட்டும், தேர்வும் பட்டமும் பழைய பல்கலைக்கழகத்திடமே இருக்கட்டும். வருகைப்பதிவையும் அகமதிப்பீட்டையும் புதிய கல்லூரி அனுப்பினால் போதும். கருவுற்ற பெண்களுக்கும் நீண்ட சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இது பெரிதும் உதவும்.

இணைப்புக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக வளாகத் துறைக்கு மாறுவது இன்னும் அரிது. வளாகங்களில் நடக்கும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகளில் முதலாண்டுக்குப் பின் சிலர் விலகும்போது அந்த இடங்கள் பட்டம் முடியும்வரை காலியாகவே கிடக்கின்றன. கிராமத்துக் கல்லூரியில் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு அந்த நூலகமும் ஆய்வகமும் கிடைத்தால் அவர் வாழ்க்கையே மாறும். இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் ஏற்படும் காலியிடங்களை நேரடிச் சேர்க்கைக்குத் திறந்துவிட வேண்டும்.

கல்லூரி மாறினால் உதவித்தொகை நிற்கக் கூடாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளும் மாணவரின் பதிவெண்ணோடு தாமே தொடர வேண்டும். நிலுவை மாதங்களையும் சேர்த்து வழங்க வேண்டும்.

மாறுதல் எளிதானால் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் விற்கும் கொல்லைப்புற வழியாக அது மாறிவிடும் என்ற கவலை அதிகாரிகளிடம் இருப்பதை அறிவோம். அந்தக் கவலை நியாயமானது, எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வழி இன்று திறந்திருப்பதற்குக் காரணம், இரண்டாம் ஆண்டுக் காலியிடங்கள் யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். ஒவ்வொரு கல்லூரியும் மே மாத இறுதிக்குள் பாடவாரியாகக் காலியிடங்களை ஆணையரகத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். விண்ணப்பங்கள் கூடுதலாக வந்தால் இடஒதுக்கீட்டு விதிகளின்படி முந்தைய செமஸ்டர் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை வெளியிட வேண்டும். மரணம், நோய், திருமணம், இடமாறுதல், ராகிங் அல்லது சாதிக் கொடுமை ஆகிய காரணங்களுக்குத் தக்க சான்றோடு முன்னுரிமை தரலாம். கொடுமைக்கு ஆளானவர் ஊரை விட்டுப் போவதால் குற்றம் செய்தவர் மீதான விசாரணை கைவிடப்படக் கூடாது என்பதையும் ஆணையிலேயே சேர்க்க வேண்டுகிறோம்.

வரும் ஜூன் மாதம் கல்லூரிகள் திறப்பதற்கு முன் இந்த ஆணை வெளிவந்தால், இப்போது இரண்டு செமஸ்டர்களை முடித்து நிற்கும் மாணவர்களுக்குப் பயன்படும். ஆகஸ்டில் வந்தால் அவர்களுக்கு அது மற்றுமோர் இழந்த ஆண்டுதான். ஆணையை வரையும் குழுவில் மாணவர், பெற்றோர் தரப்பிலிருந்து இருவரைச் சேர்த்துக்கொள்ளுமாறும், எங்கள் சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கல்லூரி மாணவர் பெற்றோர் சங்கம்.