சுழலாத சுருளுக்கு ஒரு வக்காலத்து

மலேசியாவில், பெர்மாஸ் ஜெயாவின் கடைவரிசை மாடிகளில் நடக்கும் டியூஷன் வகுப்புகளுக்கு மாலைதோறும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெற்றோரிடமும், அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆசிரியர் சிலரிடமும் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது: வகுப்பில் மின்மோட்டார் செய்வது காலவிரயம், ஐந்தாம் படிவத்து மாணவனுக்கு ஃபிளெமிங்கின் இடக்கை விதியும் பழைய வினாத்தாள்களும் போதும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே பேச்சுத்தான். பலர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமானால் சூரியன் இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இவர்கள் இகழும் பொருள்தான் என்ன? ஒரு பெரிய பேட்டரி, அதன் இரு முனைகளிலும் அகன்ற ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய இரண்டு ஊக்குகள், ஒரு வட்டக் காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றிய சுருள். குப்பையிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்யக் கற்பித்த அரவிந்த் குப்தா இந்தியப் பள்ளிகளில் பிரபலமாக்கிய வடிவம் இது. கெட்டிக்கார மாணவன் கம்பியின் இரு நுனிகளையும் உப்புத்தாளால் பளபளவென்று முழுதும் தேய்த்து, ஊக்குகளின் துளையில் ஏற்றுவான். சுருளோ சற்றே நடுங்கி, இப்படியும் அப்படியும் ஆடி, நின்றுவிடும். ஒரு நுனியை முழுதும் சுரண்டி, மறு நுனியில், சுருளை நெட்டாக நிறுத்தி, மேற்பாதியை மட்டும் சுரண்டினால், அது சுழலும். முதல் அரைச்சுற்றில் சுருளை முன்னே தள்ளிய விசையே அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கிறது என்பதையும், அப்போது மின்னோட்டத்தை அறுத்துவிட்டால் சடத்துவமே மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது என்பதையும், நின்றுபோன அந்தச் சுருளைப் போல எந்தப் படம் சொல்லும்? காந்தத்தைத் திருப்பினால் சுழற்சி எதிர்த்திசையாகும். பேட்டரியையும் சேர்த்துத் திருப்பினால்? விதியை ஒப்பிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் யோசிக்காமல் விடை சொல்லுவார்கள்?

அரைச்சுற்றுக்கொருமுறை மின்னோட்டத்தைத் திருப்பும் பிளவு வளையம் இதில் இல்லையே, மின்னோட்டம் திசை மாறுவதில்லையே என்பது புத்தக பக்தர்களின் ஆட்சேபணை. உண்மைதான். ஆனால் மின்னோட்டத்தை அறுப்பதற்கும் அதைத் திருப்புவதற்கும் உள்ள பேதம், அறுத்தே ஓடவிட்டுப் பார்த்தவனுக்கன்றி வேறு யாருக்கு விளங்கும்? என் கோபம் வேறொரு கூட்டத்தார் மேலும் உண்டு: கடையில் வாங்கிய, ஒருபோதும் தவறாத கருவியைத் தாமே ஓட்டிக் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு பெட்டியில் பூட்டிவிடும் ஆசிரியர்கள் மேல்.

விதியே மூலம், செய்கை அதன் அலங்காரம் என்ற எண்ணத்துக்குச் சரித்திரமும் துணை நிற்கவில்லை. கொல்லர் மகனும், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகியவரும், கணிதப் பயிற்சி அதிகமில்லாதவருமான மைக்கேல் ஃபாரடே, பாதரசக் கிண்ணத்தில் மின்கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தது 1821-இல். இடக்கை விதியைத் தந்த ஃபிளெமிங் பிறந்ததோ 1849-இல். நம்மவரிலும் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கியவரல்லர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-இல் கோயம்புத்தூரில் அவருடைய முயற்சியில்தான் உருவாயிற்று.

பெற்றோரே, உங்களுக்கு மதிப்பெண்ணே பிரதானமென்றால் அதையும் சொல்லிவிடுகிறேன்: ஐந்தாம் படிவ முடிவில் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலின் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு. ஒரு சுருள் கம்பியும் உப்புத்தாளும் வாங்கிக் கொடுங்கள். கம்பி சீக்கிரம் சூடேறும், நெடுநேரம் இணைத்து வைக்க வேண்டாமென்று மட்டும் எச்சரியுங்கள். சுருள் சுழலாவிட்டால் நீங்கள் சரிசெய்து கொடுக்காதீர்கள்.