கூரையில் வௌவால், காலில் உண்ணி, காய்ச்சலுக்குப் பனடோல்



காய்ச்சல் தோட்டத்துக்குப் புதிதல்ல. மழையில் நனைந்ததால் வந்தது, பனியில் நின்றதால் வந்தது என்று சொல்லிக்கொண்டு, ஒரு பனடோலைப் போட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு நாள் நின்றால் ஒரு பேர் போய்விடும். பேர் குறைந்தால் சம்பள நாளில் கடைக் கணக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால்தான் உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும் பிரட்டுக்கு முதல் ஆளாய் நிற்கிறோம்.

ஆனால் எல்லாக் காய்ச்சலும் மழைக் காய்ச்சல் அல்ல. இந்த இதழில் நாம் பேச விரும்புவது, கடுகு அளவு பூச்சி ஒன்று நமக்குத் தரும் காய்ச்சலைப் பற்றி.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். வயது ஐம்பது இருக்கும். காடாகிப்போன மலையில் மூன்று நாள் பறித்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. தலை வெடிப்பதுபோல் வலி, கை கால் உளைச்சல். டிஸ்பென்சரியில் பனடோலும் ஒரு பக்கெட் குளிசையும் கிடைக்கின்றன. காய்ச்சல் நிற்கவில்லை. நான்காம் ஐந்தாம் நாளில் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. லயத்தில் உள்ளவர்கள் ‘அம்மாள் போட்டிருக்கிறது’ என்று வேப்பிலை கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இன்னும் நான்கு நாள் தள்ளிப்போகிறது. அதற்குள் நோய் நுரையீரலுக்கோ மூளைக்கோ ஏறிவிட்டால்? இது கற்பனைதான். ஆனால் இதை வாசிக்கும் எத்தனை பேருக்குத் தங்கள் லயத்தில் இதுபோல் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பெயர் உண்ணிக் காய்ச்சல். வைத்தியர்கள் டைபஸ் என்று எழுதுவார்கள். நெருப்புக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் டைபொயிட் வேறு, இது வேறு. டைபொயிட் அழுக்குத் தண்ணீராலும் உணவாலும் வருவது. டைபஸ், ரிக்கெட்சியா குடும்பத்தைச் சேர்ந்த பக்டீரியாவால் வருவது. நாயிலும் மாட்டிலும் ஆட்டிலும் காட்டு விலங்கிலும் இரத்தம் குடிக்கும் உண்ணி நம்மைக் கடிக்கும்போது அந்தக் கிருமி நம் உடம்புக்குள் போகிறது. இதன் தம்பி ஒன்று உண்டு. பற்றைக் காட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. அதில் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு தெரியும்.

இது நேற்று முளைத்த நோயல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் முகாமிட்டிருந்த படையினர் பற்றைக்காட்டு உண்ணிக் காய்ச்சலால் படுத்தார்கள். புள்ளிகள் போடும் உண்ணிக் காய்ச்சல் மத்திய மலைநாட்டில் இருப்பதைக் கண்டி, பேராதனை வைத்தியர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் டைபசுக்குத் தனி நிரல் இருக்கிறது. புத்தகத்தில் இடம் இருக்கிறது. நமது டிஸ்பென்சரியில்தான் அதற்கு இடம் இல்லை.

இனி வௌவாலுக்கு வருவோம். அந்தி மங்கும்போது லயத்தின் தகரக் கூரைக்கும் பலகைக்கும் இடையிலிருந்து சின்ன வௌவால்கள் வரிசையாய்ப் பறந்து போவதைப் பார்க்காத பிள்ளை தோட்டத்தில் இல்லை. அந்த வௌவாலிலும் உண்ணி வாழ்கிறது. அது நாயில் தொங்கும் உண்ணியைப் போன்றதல்ல. தோல் மென்மையானது. வளர்ந்த வௌவால் உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து, பல வேளைகளில் அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தம் குடித்துவிட்டுத் திரும்ப ஒளிந்துகொள்ளும். தூங்குகிறவருக்குக் கடித்தது தெரியாது. காலையில் ஒரு தடிப்பு இருக்கும். மூட்டைப்பூச்சி என்று நினைத்துக்கொள்வோம். தீனி இல்லாமல் மாதக்கணக்கில், சில இனங்கள் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா மூன்றிலும் இந்த இனங்கள் பரவியிருக்கின்றன. பிரான்ஸ் நாட்டில் வௌவால் தங்கிய கட்டடத்தின் பரணில் பொறுக்கிய உண்ணிகளில் ரிக்கெட்சியா, பொரேலியா ஆகிய பக்டீரியாக்கள் இருந்ததை 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்டடங்களில் எடுத்த வௌவால் உண்ணிகளிலும் அப்படியே இருந்ததை 2005இல் எழுதினார்கள். ஆபிரிக்காவின் சாம்பியாவில், வௌவால்கள் குடியிருக்கும் குகையருகே உண்ணி கடித்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் இரத்தத்தில் இருந்த பொரேலியாக் கிருமியே அந்தக் குகை வௌவாலிலும் வௌவால் உண்ணியிலும் இருந்தது. இது 2019இல் வெளிவந்த செய்தி. உண்ணியில் கிருமி இருப்பது ஒன்று, அது மனிதருக்கு நோய் தருவது இன்னொன்று. சாம்பியா அந்த இரண்டாவது படியையும் காட்டிவிட்டது.

பொரேலியா தரும் காய்ச்சலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சில நாள் கொதிக்கும், பிறகு தானே விட்டுவிடும். ‘சுகமாகிவிட்டது’ என்று மலைக்குப் போவோம். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும். அதனால் அதற்கு மறுகாய்ச்சல் என்றே பெயர். 1973இல் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பகுதியில் மரக்குடில்களில் தங்கிய விருந்தினரும் அங்கே வேலை செய்தவர்களுமாக 62 பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அங்கே உண்ணி வளர்ந்தது வௌவாலில் அல்ல, குடிலுக்குள் கூடு கட்டிய அணில், எலி வகைகளில். பாடம் ஒன்றுதான்: கூரைக்குள் விலங்கு குடியிருந்து, அதன் கீழே மனிதர் படுத்தால், உண்ணிக்கு இருவரும் ஒன்றே.

தோழர்களே, இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்கு அல்ல. வௌவாலைக் கொல்லச் சொல்வதற்கும் அல்ல. அந்தச் சின்ன வௌவால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைத் தின்கிறது. புகை போட்டோ அடித்தோ வௌவாலைக் கொன்றால், அதன் உண்ணி கூரைக்குள்ளேயே இருக்கும். பசி எடுத்தால் கீழே இறங்கும். கீழே யார் படுத்திருக்கிறோம்? நாமும் நம் பிள்ளைகளும்தான். சரியான வழி, இரவில் வௌவால் வெளியே போன பின், அதுவும் குட்டி இல்லாத காலத்தில், இடுக்குகளை அடைப்பது. அதன்பின் வெடிப்புகளைப் பூசி, மருந்து அடிப்பது. வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள்.

ஆனால் இடுக்கை அடைப்பது யார் பொறுப்பு? பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவில் நாம் வாடகைக்கு வந்து குந்தியவர்களா? இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆன பின்னும் வெள்ளைக்காரன் கட்டிய லயத்தின் ஓட்டைத் தகரத்துக்குக் கீழேதான் நம்மில் பலர் படுக்கிறோம். கூரை நமது பெயரில் இல்லை, காணி நமது பெயரில் இல்லை, கூரையில் இருக்கும் உண்ணி மட்டும் நமக்கா? தனி வீடும் காணி உறுதியும் கேட்கும் போராட்டம் வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. அது சுகாதாரப் பிரச்சினை.

மலையிலும் இதே கதைதான். ஒழுங்காகப் புல்லு வெட்டிய மலையில் உண்ணி குறைவு. செலவைச் சுருக்குவதாகச் சொல்லி மலைகளைக் காடாக விட்டுவிட்டு, அதற்குள் பெண்களை இறக்கிவிட்டு, இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர் என்றால், அட்டைக்கும் குளவிக்கும் உண்ணிக்கும் தீனி போடுவது யார்?

ஆகவே நாம் நிர்வாகங்களிடமும் அரசிடமும் கேட்பவை இவை. மலைகளில் காலத்துக்குக் காலம் புல்லு வெட்டப்பட வேண்டும். பூட்ஸ், முழுக்கைச் சட்டை, படங்கு ஆகியவை தொழிலாளியின் கைக்காசில் அல்ல, தோட்டச் செலவில் தரப்பட வேண்டும். லயக் கூரைகள் திருத்தப்படும்வரை இடுக்குகள் அடைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் உண்ணிக் காய்ச்சலை அடையாளம் காணும் பயிற்சியும், சந்தேகம் வந்த உடனே அரச வைத்தியசாலைக்கு அனுப்பும் வண்டியும் இருக்க வேண்டும். தோட்டச் சுகாதாரம் முழுமையாக அரச சேவைக்குள் வர வேண்டும். சுகாதாரத் துறை லயங்களிலும் உண்ணிகளைச் சேகரித்துப் பரிசோதிக்க வேண்டும். வேலைத்தலத்தில் பட்ட காயத்துக்கு நட்டஈடு தர 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் உண்ணி கடித்துப் படுக்கையில் விழும் தொழிலாளியையும் அந்த நியாயத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

கேட்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன.

மலையிலிருந்து வந்த உடனே உடுப்பை மாற்றிச் சுடுதண்ணீரில் போடுங்கள். படங்கு கட்டிய இடுப்பு, அக்குள், முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். பிள்ளைகளையும் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், சுடாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்து, அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கடித்த திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். நாய், மாடு, ஆடு வளர்ப்பவர்கள் மிருக வைத்தியரிடம் உண்ணி மருந்து கேட்டுப் பூசுங்கள். படுக்கையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், அல்லது விட்டுவிட்டு வந்தால், அல்லது புள்ளியோ கறுத்த பொருக்கோ தெரிந்தால், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டிக்கொண்டே போங்கள். டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்: ‘ஐயா, நான் கொழுந்து மலையில் வேலை செய்கிறேன், உண்ணி கடித்தது, லயக் கூரையில் வௌவால் இருக்கிறது.’ இந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும். ஏனென்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். டொக்சிசைக்கிளின் என்ற மருந்துக்கு உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பணிந்துவிடும். அது விலை உயர்ந்த மருந்தல்ல. அமொக்சிசிலின் போன்றவை இதற்கு வேலை செய்யாது. ஆனால் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு வேறு மருந்து தருவார்கள், அதனால் கர்ப்பத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த லயத்தில் யாருக்கு, எத்தனை நாள் காய்ச்சல், டிஸ்பென்சரியில் என்ன கொடுத்தார்கள், எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று எழுதுங்கள். எந்தக் கூரையில் வௌவால், எந்த மலை காடு என்றும் எழுதுங்கள். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நமது மாவட்டக் காரியாலயத்திலும் கொடுங்கள். துரையின் முன்னால் ‘காய்ச்சல் அதிகம்’ என்று சொன்னால் அவர் தலையை ஆட்டுவார். திகதியோடும் பெயரோடும் எழுதிய கொப்பியை மேசையில் வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடுகு அளவு உண்ணி நம்மைப் படுக்கவைக்க முடியும். ஒற்றுமையாக நின்றால், அந்த உண்ணிக்கு இடம் கொடுத்தவர்களை நாம் எழுந்து நிற்கவைக்க முடியும்.