எல்லாவற்றையும் ஒரே பைக்குள் வைக்காதீர்கள்



கடந்த மாதம் மாத்தளையில் நடந்த எமது மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஓர் அம்மா தாமதமாக வந்தார். எப்போதும் மடியில் வைத்திருக்கும் பை அன்று அவரிடம் இல்லை. கேட்டபோது, "வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் மிஸ்" என்றார். எல்லோரும் எழுந்து போன பிறகுதான் அழுதார். மூன்று நாட்களுக்கு முன்னர் கண்டியிலிருந்து வந்த பஸ்ஸில், நெரிசலுக்குள் யாரோ அந்தப் பையின் அடிப்பக்கத்தை பிளேட்டினால் கிழித்துவிட்டார்கள்.

போனது 2,300 ரூபா காசு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், 2009 இல் காணாமற்போன கணவரைப் பற்றிய முறைப்பாட்டுப் பிரதி, கணவரின் ஒரேயொரு புகைப்படம். "காசு போனா போகட்டும் மிஸ். அந்தப் படத்துக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்று நாட்களாக ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெட்கமா இருந்துச்சு. இத்தன வயசுக்குப் பொறவு ஒரு பையக் கூடப் பாத்துக்கத் தெரியலயேன்னு சிரிப்பாங்க."

அவர் 1983 வன்செயலின் பின் பெற்றோருடன் வவுனியாவுக்குப் போய், யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவர். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அவருடைய கையில் இருந்தது ஒரு பைதான். பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, நகை, படங்கள் யாவும் அதற்குள். ஷெல் சத்தம் கேட்டால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நம்மில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அது அன்று நம்மைக் காப்பாற்றியது. இன்று பஸ்ஸில் அதே பழக்கம் நமக்கு ஆபத்தாகிறது. கள்ளன் ஒரு தடவை கைவைத்தாலே நம் வாழ்க்கைக் கடதாசிகள் எல்லாம் போய்விடும்.

திருட்டுக் கொடுத்தவர் முட்டாள் அல்லர் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒரு நாள் மூடப்பட்டது. பிக்பொக்கட் கூட்டங்களின் தொல்லையைத் தாங்க முடியாமல் ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். காவலும் கமராவும் நிறைந்த இடத்திலேயே அப்படியென்றால், மாலை நேரத்து மாத்தளை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் நாம் எம்மாத்திரம்?

இவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவர் படியில் ஏறாமல் வழியை மறைப்பார். இன்னொருவர் பின்னால் இருந்து தள்ளுவார். மூன்றாமவர் எடுப்பார். எடுத்தது உடனே வேறு கைக்கு மாறிவிடும். சில்லறையைக் கீழே போடுவது, உடுப்பில் எதையாவது ஊற்றிவிட்டுத் துடைக்க வருவது, பையைத் தூக்கித் தர முன்வருவது எல்லாம் நம் கவனத்தைத் திருப்பத்தான். "கள்ளர்கள் கவனம்" என்ற அறிவித்தலைக் கண்டதும் நாம் காசு வைத்த இடத்தைத் தொட்டுப் பார்ப்போம். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெண்களிடம் அவர்கள் பயன்படுத்தும் இன்னொரு வழி உண்டு. நெரிசலில் யாராவது உரசினால் நாம் கூசி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்குவோம். கள்ளனுக்கு வேண்டியதும் அதுதான். உரசினால் உடனே திரும்பிப் பாருங்கள். பையின் மேல் கையை வையுங்கள். "தள்ளி நில்லுங்கள்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

பயணம் புறப்படும் முன் செய்யவேண்டியவை:

காசை மூன்றாகப் பிரியுங்கள். பஸ் காசை மட்டும் கையில் எடுக்கக்கூடிய சிறு பேர்ஸில் வையுங்கள். மீதியை உள்ளே வைத்துத் தைத்த பையில் வையுங்கள். கொழுந்து பறித்த நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையை விடப் பாதுகாப்பானது இன்னும் வரவில்லை. திரும்பி வருவதற்கான காசு வேறோர் இடத்தில் தனியாக இருக்கட்டும்.

அடையாள அட்டையைக் காசோடு சேர்த்து வைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தை வங்கிக்குப் போகும் நாளில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஏரிஎம் அட்டையோடு இரகசிய இலக்கத்தை எழுதி வைக்கவே வேண்டாம்.

அலுவலகங்களுக்குப் போகும்போது, மூலப் பிரதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டு, தேவையில்லையென்றால் போட்டோப் பிரதியைக் கொண்டு போங்கள். பழைய படங்களையும் கடதாசிகளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, மகளுக்கோ வெளிநாட்டிலுள்ள உறவினருக்கோ அனுப்பி வையுங்கள். உங்கள் தொலைபேசி போனாலும் அவர்களிடம் இருக்கும்.

நெரிசலில் பையை முதுகிலோ பக்கத்திலோ தொங்கவிடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். தூங்கும்போது பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். முத்துமாரியம்மன் தேருக்குப் போகும்போது தாலிக்கொடியைச் சேலைக்குள் விட்டு, தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். தேர் அசையும் நேரத்தில் எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பியிருப்போம். அதுதான் அவர்களுக்கும் நல்ல நேரம்.

இவ்வளவு செய்தும் திருட்டுப் போகலாம். அப்போது மௌனமாக இருக்காதீர்கள். உடனே சத்தமிட்டு நடத்துனரிடம் சொல்லுங்கள். சிங்களம் தெரியாதவர்கள் இந்த இரண்டையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "ஹொரெக்!" என்றால் "கள்ளன்!" "மகே பேக் எக்க ஹொரகம் களா" என்றால் "என் பையைத் திருடிவிட்டார்கள்". கள்ளனைத் தனியே துரத்திப் போகாதீர்கள். பிளேட் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

அவசரப் பொலிஸ் இலக்கம் 119. வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அறிவித்து அட்டையையும் சிம்மையும் நிறுத்துங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே தமிழில் சொல்லத் தயங்க வேண்டாம். சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கிய பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் கிராம அலுவலர் ஊடாகப் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னுமொன்று. கள்ளனுக்குக் காசுதான் வேண்டும். கடதாசிகளை அவன் பெரும்பாலும் எறிந்துவிடுவான். பஸ் நிலைய நேரக் காப்பாளரிடமும் துப்புரவுத் தொழிலாளரிடமும் கேட்டு வையுங்கள்.

அந்த அம்மாவுடன் நானும் போய்க் கேட்டேன். வங்கிப் புத்தகமும் முறைப்பாட்டுப் பிரதியும் கிடைத்தன. படம் கிடைக்கவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாண அல்பத்தில் அவர் எங்காவது நிற்கிறாரா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

சகோதரிகளே, இன்றிரவு பிள்ளைகள் தூங்கியதும் உங்கள் பையைத் திறந்து பாருங்கள். நாளை அது தொலைந்தால் திரும்ப வாங்க முடியாதது எதுவோ, அதை வெளியே எடுத்து வீட்டில் வையுங்கள்.