கழற்றி வைக்காதீர்கள்!

கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து யாரும் "ஐயோ பாவம்" என்பதில்லை. காதுக் கருவி மாட்டிய பிள்ளையைப் பார்த்தால் சொல்லுகிறார்கள். அதற்கு அஞ்சியே, கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது கருவியைக் கழற்றி வைக்கும் பெற்றோர் உண்டு.

தொடக்கத்தில் குழந்தை கருவியைப் பிடுங்கி எறியத்தான் செய்யும். அதுவரை அறியாத சத்தமெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தால் மிரளாதா? அமைதியான அறையில் சிறிது நேரம் மாட்டி, தாய் பேசவேண்டும், பாடவேண்டும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, விழித்திருக்கும்போதெல்லாம் அணியப் பழக்கவேண்டும். காது வளர வளர அச்சு தளரும். கருவி 'கீச்'சென்று கத்தும். உடனே புது அச்சு எடுக்கவேண்டும். பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேச்சு வேர் பிடிப்பது முதல் சில ஆண்டுகளில்தான். ஊர் வாய்க்குப் பயந்து அதை இழக்கலாமா? கழற்றி வைக்கவேண்டியது பெற்றோரின் வெட்கத்தை!