ஸ்பானரை எடைக்குப் போடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் என் மேல் வருத்தப்படலாம். பரவாயில்லை, மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருக்களெல்லாம் தண்ணீருக்குள். வடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், ஒரு டூல் பாக்ஸ் தராசில் ஏறுவதைப் பார்த்தேன். தெரிந்த பெட்டிதான். அதன் சொந்தக்கார மெக்கானிக் அண்ணாச்சி அதற்கு முந்தின வருடமே காலமாகிவிட்டார். வெள்ளத்தில் ஷெட் மூழ்கி, பெட்டிக்குள் சேறு. மகன் கொண்டு வந்து போட்டுவிட்டான்.

"என்னப்பா, அப்பா சாமான்லா இது?" என்றேன்.

"தண்ணி குடிச்சிட்டு சார். துரு ஏறிப் போச்சு. வீட்ல வச்சு என்ன செய்ய?" என்றான்.

11 கிலோ. கிலோ 32 ரூபாய். 352 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். அவர் முப்பது வருடம் ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு ஸ்பானருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார். எனக்கும் பொரி கடலை தருவார்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தில் வீடே போயிருக்கிறது. ஆனால் அவன் செய்த கணக்கு தப்பு. அதே கணக்கைத்தான் வசதியான வீடுகளிலும் போடுகிறார்கள்.

ஸ்பானருக்கு விலை இரும்பின் எடையில் இல்லை. நல்ல எஃகைக் காய்ச்சி, அச்சில் அடித்து, வாயைச் சரியான அளவுக்குச் சீவி, பிறகு கடினப்படுத்திப் பதம் ஏற்றுகிறார்கள். 'குரோம் வனேடியம்' என்று அடித்திருக்கிறதே, அந்த எஃகுக்கும் அந்தப் பதத்துக்கும்தான் காசு. எடைக்குப் போட்டால் அது உலைக்குப் போய்க் கட்டுமானக் கம்பியாக வரும். கம்பி வேண்டும்தான். அதற்கு உடைந்த கதவும் ஓட்டைத் தகரமும் போதாதா?

துரு என்கிறார்கள். இரண்டு வாரத் துரு மேல்தோல்தான். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய் தடவினால் முக்கால்வாசி எழுந்து வந்துவிடும். நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது, பதம் போய்விடும்.

அடுத்து, "இஞ்ச் அளவெல்லாம் இப்ப யாருக்கு சார் வேணும்?" என்று ஒரு கேள்வி வரும். இங்கேதான் நம் பள்ளத்தாக்கின் கதை தெரிய வேண்டும். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீரின் விசையை நம்பி நூற்பாலை வைத்தார்கள். அந்தக் காலத்து மெஷின்கள் இங்கிலாந்துச் சரக்கு, அவற்றோடு விட்வொர்த் போல்ட்டும் வந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அளவு அது. மெட்ரிக் முறைக்கு நாம் 1956-இல் சட்டம் போட்டோம். சட்டம் போட்டதும் பழைய போல்ட்டுகள் மாறிவிடவில்லை. லிஸ்டர் மாதிரி ஆயில் எஞ்சின் இன்னும் சில தோட்டங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

விட்வொர்த் ஸ்பானரில் 'கால்' என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் பருமன். வாயின் அகலம் 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் உள்ளே போகாது. 14 போட்டால் வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அந்த 11 கிலோவில் மூன்று விட்வொர்த் ரிங் ஸ்பானர் இருந்தன. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி, துருவெடுத்து, பளபளவென்று என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். மில்லில் ஃபிட்டராக 34 வருடம் இருந்தவனுக்கு அதில் ஒரு பெருமை.

இரண்டு மாதம் கழித்துக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பேட்டை ஐடிஐயில் படித்துவிட்டு வந்த பையன் ஒருத்தன், பழைய எஞ்சினின் நட்டை உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். நெக்கில் ரத்தம் கசிந்த விரலில் துணி சுற்றியிருந்தது. "ஸ்பானர் கிடைக்கல சார்" என்றான். அந்த ஸ்பானர் என் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போய் மூன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே எடைக்குப் போடுகிறவர்களோடு சேர்த்து, சுவரில் மாட்டுகிறவர்களையும் சொல்கிறேன். ஹோட்டல் அலங்காரத்துக்கு ஆணியடித்து மாட்டுகிறவர்களும் இதில் அடக்கம். உலையில் உருகினாலும் சுவரில் தொங்கினாலும் அந்தப் பையன் கைக்கு அது வரப்போவதில்லை. புதிது வாங்கிக்கொள்ளட்டும் என்றால், 6-7இலிருந்து 20-22 வரை நல்ல கம்பெனி செட், ரிங் செட், பாக்ஸ் செட் எல்லாம் சேர்த்து வாங்க, வேலைக்குப் புதிதாக வந்தவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் ஆகும்? மலிவு செட் வாங்கினால் நாலாவது நட்டில் வாய் விரிந்துவிடும்.

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. வாய் அகன்ற ஸ்பானர், வெல்டு வைத்து ஒட்டியது, முகம் வெடித்த சுத்தியல் எல்லாம் எடைக்கே போகட்டும். உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் சாணை பிடிக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள், சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். வாங்குகிறவர்களும் யாருடைய சாமான் என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் திருடியதும் சந்தைக்கு வரத்தான் செய்கிறது.

இரும்புக் கடை அண்ணாச்சிகள் பிழைப்பில் கை வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்லதைத் தனியே எடுத்து வைத்து உருப்படி விலைக்கு விற்றால் அவர்களுக்கும் கூடத்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ மாமாவோ விட்டுப்போன பெட்டி இருந்தால், தராசுக்குத் தூக்குமுன் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகும் பையனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேண்டியதை அவன் எடுத்துக்கொள்ளட்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். சுவரில் மாட்ட மாட்டேன்.