பால் வழுவும் வழுவமைதியும்

கரீபிய நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றை நம்மவருட் பலர் கயானா நாட்டுச் செய்தியென்று கண்ணோட்டமாகப் படித்து அப்பாற் சென்றிருப்பர். தென்னமெரிக்காவின் வட கரையிலுள்ள அச்சிறு நாட்டில், 1893ஆம் ஆண்டிற் பிரித்தானியர் இயற்றிய சட்டமொன்று, முறையற்ற நோக்கத்துடன் பொதுவிடத்திற் பெண்ணுடை தரித்துத் தோன்றும் ஆணையும், ஆணுடை தரித்துத் தோன்றும் பெண்ணையும் குற்றவாளியெனக் கொண்டது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தலைநகராகிய ஜோர்ஜ்ரவுணிற் பொலிசார் சிலரைப் பிடித்தனர். நீதவான் அவர்க்குத் தண்டம் விதித்தார். தண்டத்தோடு அமையாது, நீவிர் உங்களைப் பற்றியே மயக்கமுற்றிருக்கிறீர்கள், தேவாலயத்துக்குப் போங்கள் என்னும் பொருள்பட அறிவுரையும் கூறியனுப்பினார்.

முறையற்ற நோக்கம் என்பது யாது? இவ்வினாவே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவ்வழக்கை நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் நடத்திச் சென்றது. 2013இல் உயர் நீதிமன்றம், உடை மாற்றுதல் தன்னளவிற் குற்றமன்று, நோக்கம் முறையற்றதாயின் மட்டுமே குற்றம் என்றது. கேட்டற்கு நியாயம் போலத் தோன்றும் கூற்று இது. ஆயினும் நோக்கத்தைப் பிறர் மனத்துட் புகுந்து அளப்பவன் தெருவில் நிற்கும் பொலிஸ்காரனே யாதலின், சட்டம் முன்னிருந்தவாறே இருந்தது. கரீபிய நீதிமன்றமே ஈற்றில் அச்சட்டம் பொருள் வரையறையற்றது, சமத்துவத்துக்கும் கருத்து வெளிப்பாட்டுரிமைக்கும் முரணானது எனக் கண்டு, அதனைச் செல்லாததாக்கியது. 2021இற் கயானா நாடாளுமன்றமும் அவ்விதியை ஏட்டிலிருந்து நீக்கியது.

இஃது எங்கோ நிகழ்ந்ததொன்றன்று. சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் வழியினர் இன்றும் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோரை ஆண்ட அரசே, 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் கீழ், அலிகளெனப் பதியப்பட்டோர் பெண்ணுடையிற் பொதுத்தெருவிற் காணப்படின் பிடியாணையின்றிக் கைது செய்யலாமென இந்தியாவில் விதித்தது. ஒரே எழுதுகோல் இரு கடல்களுக்கும் அப்பால் ஒரே வகையான விதியை எழுதிச் சென்றிருக்கிறது. நம் நாட்டில் உடையைப் பெயர் சுட்டித் தடுக்கும் விதி இல்லை. ஆயினும் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவும் இத்தகையோர்மீது ஏவப்பட்டதுண்டு. தன் உடம்பில் தான் விரும்பிய சேலையை உடுத்தவன் யாரை வஞ்சித்தான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிற்க. நீதிமன்றம் தீர்த்தது அரசுக்கும் ஆளுக்கும் இடைப்பட்ட வழக்கை. அவ்வாளுக்கும் அவன் உள்ளத்துக்கும் இடைப்பட்ட வழக்கொன்று உண்டு. அதற்கு மன்றுமில்லை, வழக்கறிஞருமில்லை. அதனை எனக்கு உணர்த்தியது பழைய மாணவர் ஒருவரின் மடல்.

பண்டித வகுப்பில் என்னிடம் நன்னூல் கேட்டவர் அவர். இன்று நடுவயதினர், மனைவியும் மக்களும் உடையவர், நற்பதவியில் இருப்பவர். சிறுவயது தொட்டே, வீட்டில் எவருமில்லாத வேளைகளிற் பெண்ணுடை உடுத்துக் கண்ணாடி முன் சிறிது பொழுது இருப்பது அவர்க்கு வழக்கம். மனைவிபால் அன்பிற் குறைவில்லை. ஆடவர்பால் நாட்டம் இல்லை. பெண்ணாகி வாழ வேண்டுமென்ற அவாவும் இல்லை. ஆயினும் ஆண்டுக்கொரு முறை வெட்கம் மேலிட்டு அவ்வுடைகளையெல்லாம் கொளுத்திவிடுவாராம். சில மாதங்களிற் புதியன வாங்குவாராம். ‘பண்டிதர் ஐயா, தாங்கள் பெயரியலிற் படிப்பித்த பேடு நான்தானா? அன்றெனின் எனக்குத் தமிழிற் பெயர் உண்டா?’ என்று கேட்டு மடலை முடித்திருந்தார்.

இலக்கண வினாவாக வந்தமையின் இலக்கணத்தாலேயே விடை தேடினேன். தொல்காப்பியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளே அதற்கும் உரியன என்றார். தனி ஈறு இல்லாமை குறைபோலத் தோன்றினும், அவர்கள் உயர்திணையின் புறத்தே தள்ளப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. பவணந்தியார் மேலும் ஒருபடி சென்று, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்க என்றார். உடம்பை நோக்கிப் பால் வகுத்தாரல்லர். அவாவை நோக்கி வகுத்தார். எந்நாட்டுச் சட்டமும் சிந்தியாத காலத்தில் எழுந்த விதி இது. அதே மூச்சில் அவர்கள் அஃறிணை முடிபும் ஏற்பர் என்று அவர் சேர்த்தமை எனக்கு உவப்பன்று. வழக்கை உள்ளவாறே பதிவு செய்வது இலக்கணியின் கடன் எனலாம். ஆனால் அவ்வழக்கு இழிவழக்கே. வகுப்பில் அப்பகுதி வருங்காற் சிரிக்கும் மாணாக்கரை யான் சிரிக்க விடுவதில்லை.

இனி மடலுக்கு வருவோம். அவ்விதியின் உயிர்நிலை ‘விட்டு’ என்னும் வினையெச்சத்திலே கிடக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை அவாவுவோரே அவ்விதியின் கீழ் வருவர். ‘தம்பி, நீர் எதனை விட்டீர்?’ என்று அவர்க்கு எழுதினேன். ஆண்மையை அவர் விட்டிலர், விடவும் விரும்பிலர். ஆகவே அவரைப் பேடு என்றல் பொருந்தாது. இக்காலத்துத் தமிழகம் மதிப்புடன் வழங்கும் திருநங்கை என்னும் பெயரும் அவர்க்கு உரியதன்று. அஃது ஆண்மையை விட்டுப் பெண்ணாகவே வாழ்வோர் பல இடர்களுக்கிடையே ஈட்டிய பெயர்.

அவர்க்குரிய இடம் பெயரியலன்று; பொதுவியல். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களாற் பாலும் திணையும் வழுவி வருதலை ஆண்டு ஆசிரியர் அமைத்துக்கொள்கிறார். மகனைப் பேருவகையால் அம்மை வந்தாள் என்று தாயொருத்தி கூறுவதை உரைகாரர் காட்டுவர். மகன் மகளாகவில்லை, கூறியவள் பிழைத்தாளுமில்லை. உவகையொன்று பாலின் எல்லையைச் சற்று நேரம் கடந்து மீள்கிறது. பவணந்தியார் இதனைச் சுட்டும் சொல் ‘இயல்பு’ என்பது. நம் தண்டனைச் சட்டக்கோவை வேறொரு விடயத்தில் இயற்கைக்கு மாறானது என்று பேசும் தொனியையும் இவ்வொரு சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஆவலுண்டு. சொல்லுக்குரிய விதியை ஆளுக்கு ஏற்றுவது தருக்கத்திற் பொருந்துமா என்று கேட்பார் உளர். முற்றும் பொருந்தாதுதான். எனினும் தன்னைப் பிழையென்றே எண்ணி நாற்பது ஆண்டு கழித்த ஒருவர்க்கு, வழு வேறு வழுவமைதி வேறு என்று அவர் கற்ற நூலிலிருந்தே காட்டுவதில் தவறில்லை.

மருத்துவ உலகம் இவ்வேறுபாட்டைக் காண நெடுங்காலம் எடுத்தது. பேர்லின் மருத்துவராகிய மக்னுஸ் ஹிர்ஷ்பெல்ட் 1910இல் வெளியிட்ட நூலிலே, உடை மாற்றும் விருப்பத்தையும் தன் பாலார்மீது கொள்ளும் காதலையும் முதன்முதல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அவர் ஆராய்ந்த பதினெழுவருட் பெரும்பாலோர் எதிர்ப்பாலார்மீதே நாட்டமுடையவர். மணஞ் செய்தோரும் அவருள் இருந்தனர். 1919இல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தை 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் நாற்சிகள் சூறையாடி, அதன் நூல்களைத் தெருவில் எரித்தனர். நூல்நிலையம் எரிதல் எத்தகைய இழப்பென்று யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்நெருப்பு அவ்வறிவைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது.

உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் ஏற்ற நோய்ப் பகுப்பின் பத்தாம் பதிப்பில், நிலையான மாற்றத்தை விரும்பாது வாழ்வின் ஒரு பகுதியில் மட்டும் எதிர்ப்பாலுடை உடுத்து அந்நிலையைத் துய்ப்பது ஒரு கோளாறாகவே இலக்கமிடப்பட்டிருந்தது. என் மாணவரின் நிலையை எழுத்தெழுத்தாக அளந்து வைத்தாற்போன்ற வரைவிலக்கணம்! 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அவ்விலக்கம் இல்லை. துன்பமும் தீங்கும் விளையாத விருப்பம் நோயாகாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே அம்மாணவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை, தாமறியாமலே, நோயாளர் பட்டியலில் இருந்து கழித்திருக்கிறார். ஒருநாட் காலையில், அதனையும் அறியாமலே, நலமுற்றிருக்கிறார்.

நம்முடைய மரபோ இவ்வுடையை அறியாததன்று. காமன் பேடியுருக் கொண்டு ஆடிய பேடு என்னும் ஆடலைச் சிலப்பதிகாரம் பதினோராடலுள் ஒன்றாக வைக்கிறது. புகார்த் தெருவில் தாடியோடு பெண்கோலங் கொண்டு ஆடுபவனைச் சூழ்ந்து நின்று கண்ட மக்களை மணிமேகலை காட்டுகிறது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் கூத்துக் களரியில் ஆடவரே பெண்வேடந் தாங்கினர். அண்ணாவியார் தேடித் தெரிந்து பயிற்றினர். ஊர் விடிய விடிய இருந்து பாராட்டியது. தி. க. சண்முகம் மூதாட்டியாக வேடமிட்டு நடித்தமையால் ஔவை என்பது அவர் பெயரோடு ஒட்டி நின்று பெருமையாயிற்று. உடை ஒன்றே. கதையொன்று காரணமாக நின்றால் கைதட்டுகிறோம். காரணம் அவனுடைய சொந்த உவகையாக இருப்பின் கல்லெடுக்கிறோம். சிறப்புப் பற்றிய வழுவமைதியை ஏற்போர் உவப்புப் பற்றியதை ஏற்க மறுத்தற்கு நூலில் ஆதாரமில்லை.

வீட்டைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். இங்கு இலக்கணம் உதவாது. மறைக்கப்பட்ட சேலையை ஒருநாள் மனைவி காண நேரின், அவர் அதனை வேறொருத்தியுடையது என்றே முதலில் எண்ணுவார். உண்மையைவிட அவ்வெண்ணம் கொடிது. ஆதலின் தாமே சொல்லுதல் நன்றென்பது என் கருத்து. சொன்ன பின்னர் அவ்வம்மையார் அஞ்சுவனவும் உள. கணவர் ஆடவரை விரும்புபவரோ, நாளை பெண்ணாகிப் பிரிவாரோ என்னும் ஐயங்களுக்கு மேலே கூறியன போதிய விடையாகும். அயலார் அறிந்தால் என்னாகும் என்பதற்கு என்னிடம் விடையில்லை. அஃது அயலாராகிய நாம் கூற வேண்டியது. அவ்வம்மையார் ஏற்கத் தாமதிப்பின் அத்தாமதமும் அவர் உரிமையே. கணவர் நாற்பது ஆண்டாக விளங்கிக்கொள்ள முயன்றதை மனைவி ஒரு மாலையில் விளங்கிக்கொள்ள வேண்டுமெனல் நீதியன்று.

ஒன்றை ஈண்டுக் கூறாது விடலாகாது. இவ்வாறு தொடங்கியோருட் சிலர், காலப்போக்கில் தாம் உண்மையிற் பெண்ணே என உணர்வதும் உண்டு. அத்தகையோர் தம் பால் மாற்றத்தை அரச பதிவேட்டிற் பதிய 2016ஆம் ஆண்டின் சுற்றறிக்கைகள் இந்நாட்டில் வழி செய்துள்ளன. எவ்வழி தமது என்று தெளிய வேண்டியவர் அவரே. பெற்றாரும் ஆசிரியரும் முந்திக்கொண்டு பெயர் சூட்டலாகாது.

எஞ்சியது மாணவரின் ஈற்று வினா. உடைமாற்றி என்றொரு சொல் சில இடங்களில் வழங்குகிறது. நாடக அரங்கின் பின்புறத்தில் நிற்கும் வேலையாளை நினைவூட்டுவதால் அதனை யான் விரும்புவதில்லை. மாறுவேடத்தார் என்பதில் ஒற்றர் வாடை வீசுகிறது. மறைந்து திரிபவன் என்ற பழியும் சேர்கிறது. எதிர்ப்பாலுடையார் என்று இப்போதைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘எதிர்’ என்னும் அடை பகைமைப் பொருள் தருமோ என்ற ஐயம் எனக்கே உண்டு. இதனினும் நல்ல சொல் அறிந்த தமிழன்பர் இப்பகுதிக்கு எழுதியுதவின், அவருக்கும் அதனை அறிவிப்பேன்.